மதியம் ஏறும் காந்தப்புலம்: பினாங்கு வீட்டில் அளக்க குவாண்டம் உணரி வேண்டுமா?

ஆயர் ஈத்தாம் வாசி எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 27 வருடம் சர்க்யூட் போர்டு சோதிக்கும் பிரிவில் இருந்தேன். இப்போது ஓய்வு. என் பேத்தி நான்காம் படிவம் படிக்கிறாள். போன மாதம் என் அப்பாவின் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று கேட்டாள். அப்பா பினாங்குத் துறைமுகத்தில் தொங்காங் என்னும் சரக்குப் படகில் சரக்கு ஏற்றி இறக்கியவர். ஒரு கப்பல்காரர் அவருக்குக் கொடுத்த பித்தளைப் பெட்டித் திசைகாட்டி அது. "தாத்தா, நம் பக்கத்தில் பூமியின் காந்தம் மதியத்தில் கூடும் என்று படித்தேன். ஆனால் இந்த முள் காலையிலும் மதியத்திலும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. எது சரி?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அளந்து பார்த்துவிடலாம் என்றேன்.

கைப்பேசியின் உணரிகள் அளப்பதைக் காட்டும் ஃபைஃபாக்ஸ் செயலியை இறக்கி, ஒரு சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து மாலை 6 வரை முன்வாசல் மேசையில் வைத்தோம். பேத்தி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைக் குறித்தாள். காலையில் 41.6 மைக்ரோடெஸ்லா, மதியம் 43.7, மாலையில் 41.9. அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. சோதனைப் பிரிவில் பழகியவனுக்கு ஒரே கருவி சொல்வதை நம்பப் பிடிக்காது. அடுத்த சனிக்கிழமை என் மனைவியின் கைப்பேசியையும் பக்கத்தில் வைத்தேன். முதல் கைப்பேசி மறுபடியும் மதியம் 2 மைக்ரோடெஸ்லா ஏறியது. மனைவியின் கைப்பேசி அதே நேரத்தில் 1.4 இறங்கியது!

பேத்தி படித்த கட்டுரையில் மதிய ஏற்றம் 100 நானோடெஸ்லா, அதாவது 0.1 மைக்ரோடெஸ்லா அளவுக்குத்தான் இருக்கும் என்று போட்டிருந்ததாம். நாங்கள் பார்த்தது அதைப்போல் இருபது மடங்கு, அதுவும் இரண்டு திசையில்.

என் பழைய கூட்டாளி ஒருவர், "இப்போதெல்லாம் வைரத்தில் குவாண்டம் உணரி வந்துவிட்டது, பச்சை லேசரும் கொஞ்சம் பாகங்களும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்" என்கிறார். ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) வரை செலவு செய்ய எனக்குத் தடையில்லை, சோல்டர் பிடிக்கவும் கை இன்னும் நடுங்கவில்லை. அந்த மதிய ஏற்றத்தை அவள் கண்ணாலேயே பார்க்கவேண்டும், அவ்வளவுதான். எதைச் செய்வது?

பிரிக்ஃபீல்ட்ஸ் டியூஷன் சார் எழுதியது:

ஐயா, இரண்டாவது கைப்பேசியை வைத்தீர்களே, அதற்கே உங்கள் பேத்திக்குப் பரிசு கொடுக்கலாம். கருவியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, இடத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன்.

பம்பாயில் கொலாபா வானிலையகத்தில் 1841 முதல் காந்தப்புலத்தைப் பதிவு செய்து வந்தார்கள். 1859-ஆம் ஆண்டுப் பெரும் சூரியப் புயலில் அங்கே புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா விழுந்ததைப் பிடித்ததும் அந்தக் கருவிதான். பிறகு நகரத்துக்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், நேர்மின்சாரம் அளவைக் கெடுத்துவிடும் என்று எல்லாவற்றையும் அலிபாக்குக்கு மாற்றினார்கள். 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் சேர்த்து அளந்த பிறகே கொலாபாவை மூடினார்கள், தொடர்ச்சி அறுந்துவிடக்கூடாது என்று. கோலாலம்பூரில் நான் இருக்கும் இடத்தில் தலைக்கு மேலே மோனோரயில், அந்தப் பக்கம் எல்ஆர்டி ரயில், இரண்டும் 750 வோல்ட் நேர்மின்சாரம். இங்கே உங்கள் சோதனையைச் செய்யவே முடியாது. ஆயர் ஈத்தாமில் இப்படி நேர்மின்சார ரயில் இல்லை என்பது உங்களுக்கு ஒரு வரம்.

சர்வே அக்கா எழுதியது:

ஐயா வணக்கம். பதினோரு வருடமாகக் காந்த சர்வேதான் என் வேலை. பழைய ஈயச் சுரங்க நிலங்களில் புதைந்த இரும்பைத் தேடியிருக்கிறேன், படகின் பின்னால் உணரியைக் கட்டி இழுத்துக் கடலடிக் குழாய்களையும் தேடியிருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் வேலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பேத்திக்கு. முள்ளும் சரி, கட்டுரையும் சரி. காலையில் வெயில் ஏற ஏற, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மின்னேற்றம் பெறுகிறது. காந்த நடுக்கோட்டை (பூமியின் புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு) ஒட்டி ஒரு மின்னோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. பெருவின் உவான்காயோவில் 1922-இல் அளக்கத் தொடங்கியபோது பகல் ஏற்றம் விநோதமாகப் பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். 1951-இல் சிட்னி சாப்மன் அந்த மின்னோட்டத்துக்கு நடுக்கோட்டு மின்தாரை என்று பெயர் வைத்தார். நம் திருநெல்வேலிப் பக்கம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதும் இதற்காகத்தான். அந்தக் காந்த நடுக்கோடு நமக்குக் கொஞ்சம் வடக்கே, தென் தாய்லாந்து வழியாகப் போகிறது. அதனால் பினாங்கு அதன் ஓரத்தில் இருக்கிறது.

தலைக்கு மேலே கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டம், கீழே தரையில் வடக்கு நோக்கிய புலத்தைச் சேர்க்கும். பினாங்கில் பூமியின் புலமும் ஏறக்குறைய தட்டையாக, நேர் வடக்கே பார்த்துத்தான் கிடக்கிறது. ஏற்கெனவே வடக்கே இழுபட்டு நிற்கும் முள்ளை இன்னும் கொஞ்சம் வடக்கே இழுத்தால் அது எங்கே நகரும்? திசை மாறுவதில்லை, வலிமை மட்டும் கூடுகிறது. அதனால்தான் உங்கள் அப்பாவின் திசைகாட்டியில் அது தெரியவில்லை.

இப்போது கைப்பேசி. அதில் இருப்பது பெரும்பாலும் ஹால் உணரி என்ற சின்னச் சில்லு, திசை காட்டுவதற்காக வைத்தது. சூடு ஏறினால் எண் நகரும். பக்கத்திலேயே ஒலிபெருக்கியின் காந்தம், பேட்டரியின் மின்னோட்டம். போதாததற்குக் கைப்பேசி உங்களைக் கேட்காமலே தன்னைத் திருத்திக்கொள்ளும். வாசல் மேசையில் மதிய வெயில் பட்டிருக்கும். இரண்டும் இரண்டு பக்கம் போனதற்கு அதுவே போதும்.

இனி கருவி. நாங்கள் பயன்படுத்துவது சீசியம். ஒரு சின்னக் கண்ணாடிக் கூட்டுக்குள் சீசியம் ஆவி, அதன் வழியே ஒளி. அணுக்கள் காந்தப்புலத்தில் பம்பரம் தலையாட்டுவதுபோல் ஆடும், அந்த ஆட்டம் கூட்டைக் கடந்துவரும் ஒளியில் தெரியும். ஒரு நானோடெஸ்லாவுக்கு 3.5 ஹெர்ட்ஸ். நம் ஊரில் புலம் சுமார் 42,000 நானோடெஸ்லா, ஆகவே அணு நொடிக்கு 1,47,000 முறை ஆடும். எண்ணிவிட்டால் புலம் கிடைத்துவிடும். ருபீடியம் 87 என்றால் 7 ஹெர்ட்ஸ், ஹீலியம் என்றால் 28. ஐரோப்பிய விண்வெளி அமைப்பு 2013 நவம்பரில் ஏவிய ஸ்வார்ம் செயற்கைக்கோள்கள் மூன்றிலும் இருப்பது ஹீலியம்தான்.

இதை நான் ஏன் நம்புகிறேன் என்றால், அந்த 3.5 என்ற எண் அணுவின் இயல்பு. எந்தத் தொழிற்சாலையும் அதை வைக்கவில்லை, பழசானாலும் அது மாறாது. எல்லா நாட்டுச் சீசியத்துக்கும் ஒன்றுதான். என்னிடம் இருக்கும் கருவி பழையது, பெட்டி நசுங்கியிருக்கிறது. ஆனாலும் புதுக் கருவி சொல்லும் எண்ணையே சொல்கிறது. விலை மட்டும் ஒரு மைவி காரைவிடக் கூடுதல், அதனால் அதை விடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது புரோட்டான் கருவி. 1950-களிலேயே வந்துவிட்டது, இன்றைக்கும் ஆய்வகங்களில் ஓடுகிறது. அணுக்கருவின் இயல்பை வைத்து அளப்பதால் அதுவும் குவாண்டம் உணரிதான், பெயர் மட்டும் பழசு. ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் அல்லது தண்ணீர். அதைச் சுற்றிச் செப்புக் கம்பி. சில விநாடி மின்சாரம் விட்டால் உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் கருக்கள், அதாவது புரோட்டான்கள், கம்பிச்சுருளின் பக்கம் சாயும். சட்டென்று துண்டித்தால் அவை பூமியின் புலத்தைச் சுற்றித் தலையாட்டத் தொடங்கும். அதே கம்பியில் சில மைக்ரோவோல்ட் சிக்னல் இரண்டு மூன்று விநாடிக்கு எழும்பி அடங்கும். ஒரு நானோடெஸ்லாவுக்கு 0.042577 ஹெர்ட்ஸ், ஆகவே 42,000-க்கு சுமார் 1,788 ஹெர்ட்ஸ். அது காதுக்குக் கேட்கும் ஒலி! ஆம்ப்ளிஃபையரில் போட்டால் மெல்லிய விசில்போல் வரும். முதல் முறை கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. புத்தகத்தில் படித்த அணுக்கரு, காதுக்குப் பக்கத்தில்.

ஒரு ஹெர்ட்ஸ் மாறினால் 23.5 நானோடெஸ்லா. மதிய ஏற்றம் 50 முதல் 100 என்றால் இரண்டு முதல் நாலு ஹெர்ட்ஸ். மடிக்கணினியின் ஒலி உள்ளீடே அதை எண்ணிவிடும்.

செய்யும்போது கவனிக்கவேண்டியவை. இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் எழுதியவை. அங்கே புலம் ஏறக்குறைய செங்குத்தாகத் தரைக்குள் பாய்வதால் பாட்டிலைப் படுக்கவைத்தால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஓரளவு வேலை செய்யும். இங்கே சுருளை வடக்கு தெற்காக வைத்தால் ஒன்றுமே கேட்காது, ஏனென்றால் கருக்கள் ஏற்கெனவே புலத்தோடு ஒட்டி நிற்கும், தலையாட்ட இடமில்லை. கிழக்கு மேற்காக வையுங்கள். சீசியத்திலும் இதே தொல்லை உண்டு. வெளிநாட்டுக் கையேட்டில் உள்ளதுபோல் தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு முழு நாளை வீணாக்கியிருக்கிறோம்.

இரண்டு பாட்டில் எடுத்து, எதிரெதிராகச் சுற்றி, தொடராக இணையுங்கள். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், புரோட்டான் ஒலி கூடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகள் 1,750-லும் 1,800-லும் வந்து உட்காரும். உங்கள் விசில் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

வீட்டில் செய்யாதீர்கள். சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி, வாசலில் கிரில், பக்கத்தில் கார். இரும்பு அருகில் இருந்தால் பாட்டிலின் ஒரு ஓரத்துக் கரு ஒரு வேகத்திலும் மறு ஓரத்துக் கரு இன்னொரு வேகத்திலும் ஆடி, ஒலி எழும்பும் முன்பே கலைந்துவிடும். தோட்டம் மாதிரி ஓர் இடம் பாருங்கள்.

ஆய்வக மாணவன் எழுதியது:

ஐயா, நான் கோலாலம்பூரில் முதுநிலை ஆராய்ச்சி மாணவன், வைரத்தில்தான் வேலை. உங்கள் கூட்டாளி சொன்னது பொய்யில்லை, ஆனால் இந்தக் கேள்விக்கு அது பொருந்தாது.

வைரத்துக்குள் ஒரு கார்பன் இருக்கவேண்டிய இடத்தில் நைட்ரஜன், அதன் பக்கத்து இடம் காலி. அந்த ஜோடியில் 532 நானோமீட்டர் பச்சை லேசர் பட்டால் சிவப்பாக ஒளிரும். 2.87 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோ அலை கொடுத்தால் அந்தச் சிவப்பு கொஞ்சம் மங்கும். காந்தப்புலம் இருந்தால் மங்கும் இடம் (நாங்கள் கோடு என்போம்) இரண்டாகப் பிரியும், நானோடெஸ்லாவுக்கு 28 ஹெர்ட்ஸ். படிகத்தில் நான்கு திசை இருப்பதால் புலத்தின் வலிமையோடு திசையும் கிடைக்கும். எனக்கு இதன் மேல் ஆசை வந்ததே அதனால்தான்.

சிக்கல் சூடு. ஒரு டிகிரி ஏறினால் அந்த 2.87 சுமார் 74 கிலோஹெர்ட்ஸ் நகரும். ஒரு கோட்டை மட்டும் பார்த்தால் அது 2,600 நானோடெஸ்லா மாறியதுபோல் தெரியும். இரண்டு கோட்டையும் பார்த்து வித்தியாசத்தை எடுத்தால் இது தீரும். ஆனால் பூமியின் புலம் மட்டும் இருந்தால் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். பிரிக்க ஒரு நிலைக்காந்தம் வைக்கவேண்டும். நியோடிமியம் காந்தம் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வலிமை இழக்கும். ஒரு மில்லிடெஸ்லா வைத்தால் ஒரு டிகிரிக்கு 1,000 நானோடெஸ்லா. பினாங்கு வெயிலில் காலைக்கும் மதியத்துக்கும் எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் பார்க்க நினைப்பது 50, 100. இதைத் தாண்ட ஆய்வகங்கள் சூட்டைக் கட்டுப்படுத்தி, கம்பிச்சுருளில் அளந்த மின்னோட்டம் விடுகின்றன. ஆயிரம் வெள்ளியில் அது ஆகாது. அந்த லேசர் கண்ணைக் கெடுக்கும் என்பதும் எனக்கு ஒரு கவலை, பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள்.

அக்கா சொன்ன பாட்டில்தான் சரி.

ஆயர் ஈத்தாம் வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. முள் ஏன் நகரவில்லை என்ற பதிலைப் பேத்தி இரண்டு முறை வாசித்தாள், பிறகு தாளில் படம் போட்டுப் பார்த்துச் சரி என்றாள். அக்கா, மண்ணெண்ணெயா தண்ணீரா, எது நல்லது?

சர்வே அக்கா எழுதியது:

தண்ணீர், ஐயா. மின்சாரத்தைத் துண்டிக்கும்போது ரிலே சுவிட்சில் பொறி பறக்கும். மண்ணெண்ணெய் ஆவி பக்கத்தில் வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் வடித்த நீர் போதும். அப்புறம் நேரம்: மின்தாரை உச்சத்துக்கு வருவது சூரிய நேரப்படி 11, 12 மணி வாக்கில். 1982-இல் நம் கடிகாரத்தை முன்னே தள்ளியதால் பினாங்கில் உண்மையான உச்சிவேளை ஒன்றேகால் மணிக்கு மேல்தான். மதியம் 12-லிருந்து ஒன்றரை வரை விடாமல் எடுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசி எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

சொன்னபடி எழுதுகிறேன்.

இரண்டு அரை லிட்டர் பாட்டில், ஒவ்வொன்றிலும் 0.8 மில்லிமீட்டர் எனாமல் கம்பி ஐந்நூறு சுற்று. சுற்றியது பேத்தி, எண்ணியது நான். மோட்டார் சைக்கிள் பேட்டரியில் ஒன்றரை ஆம்பியர் போனது. ஆம்ப்ளிஃபையரை என் பழைய பாகப் பெட்டியிலிருந்தே செய்துவிட்டேன். வெளியில் வாங்கியது கம்பியும் ரிலேயும்தான், இருநூறு வெள்ளிக்குள் முடிந்தது.

பாலிக் புலாவில் என் மைத்துனரின் ஜாதிக்காய்த் தோட்டம் இருக்கிறது. முதல் நாள் அங்கே போய் மரநிழலில் வைத்தோம், ஒன்றும் கேட்கவில்லை. சுருள் கிழக்கு மேற்காகத்தான் இருந்தது. நாள் முழுக்க சோல்டரைத் திறந்து திறந்து பார்த்தேன், குறையே தெரியவில்லை. சாயங்காலம் பேத்திதான் திசைகாட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். குடிசைப் பக்கம், நாங்கள் கருவி வைத்த மரத்தை நெருங்க நெருங்க முள் திரும்பியது. அங்கே துத்தநாகத் தகடு என்று நாங்கள் சொல்வதெல்லாம் உள்ளே இரும்புதானே! பழைய தகடுகளை மைத்துனர் அந்த மரத்தடியில் அடுக்கி, மேலே சருகு விழுந்து மூடிக்கிடந்தது. மதியத்தைக் காட்டாத முள் இதைக் காட்டிக்கொடுத்தது.

அடுத்த வாரம் மேட்டில் நாற்பது மீட்டர் தள்ளிப் போனோம். லோரியைக் கீழே ரோட்டிலேயே நிறுத்திவிட்டோம். நான் இடுப்புப் பெல்ட்டையும் சாவிக்கொத்தையும் கழற்றி வைத்தேன். காலை 7:50-க்கு ரிலே தட்டியது. ஒலிபெருக்கியில் முதலில் ஒரு டப், அப்புறம் சன்னமாக ஒரு விசில். இரண்டு விநாடி இருக்கும். பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அக்கா, நீங்கள் எழுதியது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கால் மணிக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் பத்துத் தட்டு, பத்தின் சராசரி. காலை 8 மணியிலிருந்து 9:30 வரை பெரிதாக மாற்றமில்லை. பத்துக்கு மேல் ஏறத் தொடங்கியது. 12:45-க்கு உச்சம். எட்டு மணி அளவைவிட 2.3 ஹெர்ட்ஸ் கூடுதல், அதாவது 54 நானோடெஸ்லா. மூன்று மணிக்குள் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டதால் மூட்டை கட்டினோம்.

சோதனைப் பழக்கத்தில் இன்னும் ஒன்று செய்தேன். மறுநாள் அதே பாட்டில் ஜோடியை முதலில் நிழலிலும் பிறகு வெயிலிலும் வைத்தோம். வெயிலில் இருந்த தண்ணீர் கை பொறுக்காத அளவுக்குச் சுட்டது. இரண்டு முறையும் ஒரே எண்ணைத்தான் சொன்னது, அரை ஹெர்ட்ஸுக்குள். கைப்பேசியில் நாங்கள் பட்ட பாட்டுக்கு இதைப் பார்த்ததே எனக்குப் போதும்.

அக்கா, ஒரு சந்தேகம். இரண்டாம் நாள் உச்சம் 31 நானோடெஸ்லாதான் வந்தது, முந்தின நாள் 54. கருவியில் நான் குறை காணவில்லை. பேத்தி இதைத் தவறு என்று அடித்துவிடலாமா என்கிறாள், நான் வேண்டாம், அப்படியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

சர்வே அக்கா எழுதியது:

அடிக்கவே கூடாது, ஐயா. மின்தாரை நாளுக்கு நாள் மாறும், சில நாள் திசையே திரும்பி மேற்கே ஓடும். அவள் எழுதியது இரண்டு நாள், இரண்டும் உண்மை. முடிந்தால் இன்னும் பத்து நாள் எடுக்கச் சொல்லுங்கள். எண்களை எனக்கும் அனுப்புங்கள், லங்காவியில் இருக்கும் காந்தப்புல நிலையத்தின் வரைபடத்தோடு வைத்துப் பார்ப்போம்.